திட்டு வாங்காத கவுன்சிலர்

டெர்வ்லா கியோவின் சமையலறையில் உட்கார்ந்து பொன்மலர் கேட்டாள்.

"டீச்சர், இந்த அயர்லாந்துல எல்லாருக்கும் பிடிச்ச பொது மனுஷர்னு ஒருத்தராவது இருந்திருக்காங்களா?"

டெர்வ்லா பால் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பால் தீர்ந்துபோச்சு. கடைவரைக்கும் நடந்துட்டு வருவோம்" என்றாள்.

பொன்மலர் தூத்துக்குடிக்காரி. மேற்குக் கடற்கரையில் ராஸ்கீல் என்கிற இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள். ஊரில் பாதிப் பேருடைய அப்பா அம்மாவை முதியோர் இல்லத்தில் தன் கையால் குளிப்பாட்டியிருக்கிறாள். போன வருடம் அவளைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள். நின்றாள். ஜெயித்தாள்.

டெர்வ்லா அவளைவிடப் பத்து வயது சின்னவள். ஆனால் பல தேர்தல்களில் ஜெயித்தவள், ஒன்றில் மோசமாகத் தோற்றவள். ஜெயித்த மறுநாள் பொன்மலர் அவளைத் தேடிப் போய், வேலையைக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டாள்.

"கத்துக்கொடுக்க ஒண்ணும் இல்லை. டீ குடிக்க வாங்க."

அன்றிலிருந்து பொன்மலர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டாள். முதலில் கேலியாக. பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இந்த ஊரில் அதை மழை என்று சொல்வதில்லை.

"சாயங்காலக் கூட்டத்துக்கு வராம இருந்துடலாம்னு பார்க்கறேன்" என்றாள் பொன்மலர். "உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டு."

டெர்வ்லா கோட்டின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடலோரத்தில் திருவிழாத் திடலில் வீடு கட்டலாமா வேண்டாமா என்று கவுன்சில் அன்று முடிவு செய்ய வேண்டும். ஏழு பேர். மூன்று பேர் கட்டலாம் என்றார்கள், மூன்று பேர் கூடாது என்றார்கள். மிச்சம் பொன்மலர். முதியோர் இல்லத்தில் அவளோடு வேலை பார்க்கும் ஷிவான், வாடகைக்கு வீடு கிடைக்காமல், இரண்டு குழந்தைகளோடு ஒழுகுகிற ஒரு கேரவனில் குடியிருந்தாள். அவளைப் போல இன்னும் பலர். திடலிலோ ஒவ்வொரு ஆகஸ்டிலும் ராட்டினம் சுற்றும், கழுதைப் பந்தயம் நடக்கும். அது போனால் ஊர் பாதி கொதிக்கும்.

கவுன்சிலில் டெர்வ்லாவும் ஒருத்தி; கட்டலாம் என்ற பக்கம். ஆனால் உங்கள் ஓட்டு எந்தப் பக்கம் என்று அவள் பொன்மலரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"இங்க ஒருத்தர்கூட என்னைத் தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை, டீச்சர். ஒருத்தர்கூட. எங்க அக்கா தூத்துக்குடியில தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கா."

"என்னன்னு?"

"ஒரு நாடே என் தங்கச்சியைக் கையில வெச்சுத் தாங்குதுன்னு. அதைப் போய் நானே கெடுத்துக்கணுமா?"

துறைமுகத்து வளைவில் மாலகியின் மீன் வண்டி நின்றது. மாலகி கானாங்கெளுத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். முன் இருக்கையில் அவருடைய நாய் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"கியோ!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நீ போட்ட ரவுண்டானாவைச் சுத்திச் சுத்தி என் நாய்க்குத் தலை சுத்துது! எந்தக் குடிகாரன் அதுக்குப் படம் வரைஞ்சு கொடுத்தான்?"

"நாயை இறக்கி நடக்க விடு, மாலகி. பன்னிக்குட்டி மாதிரி ஆயிடுச்சு. ரவுண்டானாவுக்கே அதைப் பார்த்தா தலை சுத்தும்."

"அடுத்த தேர்தல்ல நாய் நிக்கும். உன்னைவிட ரெண்டு ஓட்டு கூட வாங்கும்."

"நிக்கட்டும். எழுந்து நின்னாலே பெரிய விஷயம்."

மாலகி பிறகுதான் பொன்மலரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"குட் மார்னிங், மேடம். நல்லா இருக்கீங்களா? குளிர் ஒத்துக்குதா?"

"நல்லா இருக்கேன், மாலகி."

"ரொம்ப சந்தோஷம், மேடம்."

கொஞ்சம் தள்ளிப் போனதும் டெர்வ்லா சொன்னாள். "நாயைப் பத்தி என்ன வேணா பேசலாம். டச்சஸைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது."

"அவரோட கழுதையா?"

"பந்தயத்துல வருஷா வருஷம் கடைசி. ஊர்ல ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. அவரும் அந்தப் பேரை விளையாட்டுப் பேச்சுல எடுக்க மாட்டார். வீட்ல அவருக்கு வேற யாரும் இல்லை."

கறிக்கடை வாசலில் கார்மக் ஏப்ரனைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட்டு கேட்டு நீ வந்த அன்னிக்கு நான் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டேன், தெரியுமா கியோ? என் பொண்டாட்டிதான் காட்டிக்கொடுத்துட்டா."

"கால் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது, கார்மக். நான்தான் கதவைச் சாத்திட்டு வந்தேன்."

கார்மக் சிரித்தார். பொன்மலரைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். "உங்களை மாதிரி ஒருத்தர் எங்களுக்குக் கிடைச்சது பெரிய விஷயம், மேடம். எங்கம்மாவை நீங்க பார்த்துக்கிட்ட விதம் எங்க குடும்பம் மறக்காது."

பால் வாங்கித் திரும்பும்போது மிஸஸ் ட்வோமி எதிரே வந்தார். குடையைச் சற்று உயர்த்தினார்.

"வணக்கம், கவுன்சிலர் கியோ. ஈரமான நாள்."

"ஆமா, மிஸஸ் ட்வோமி."

"நீங்க ரொம்ப நல்ல வேலை செய்யறீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"நன்றி."

"அப்ப வர்றேன், கவுன்சிலர்."

அவர் போனார். பொன்மலர் திரும்பிப் பார்த்தாள்.

"எவ்வளவு மரியாதையான மனுஷி."

"ஆமா."

டெர்வ்லா பால் பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். தேவாலயத்தின் சுவர் முடிந்ததும் சொன்னாள்.

"அவங்க மகனுக்கு இந்த ஊர்லயே ஒரு வீடு வேணும்னு கேட்டாங்க. வாங்கித் தர்றேன்னு வாக்குக் கொடுத்தேன். முடியலை. முடியலைன்னு போய்ச் சொல்லவும் இல்லை. வாசல்ல என்ன திட்டு விழுமோன்னு பயம். பையன் கனடாவுக்குப் போயிட்டான்."

"ஆனா உங்களை நல்ல விதமாத்தானே பேசறாங்க?"

"முன்னாடி அவங்க என்னைக் கொடிக்கம்பம்னு கூப்பிடுவாங்க. 'ஏ கொடிக்கம்பம், காத்துல வளையாம போ'ன்னு தெருவுல கத்துவாங்க. அப்புறம் அவங்களுக்கு நான் வெறும் கவுன்சிலர் கியோ ஆயிட்டேன்."

பொன்மலர் நின்றுவிட்டாள்.

தூறல் அவள் கண்ணாடியில் விழுந்தது. துடைக்கவில்லை. மாலகி, கார்மக், தபால்காரர், பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாக்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் பேசுகிற விதம் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. அவள் நினைவில் எல்லாரும் மிஸஸ் ட்வோமியைப் போலக் குடையைச் சற்று உயர்த்தினார்கள்.

"டீச்சர், என் கேள்விக்கு நீங்க பதில் சொல்லலை."

"டீ ஆறிடும். வாங்க" என்றாள் டெர்வ்லா. அவர்கள் இன்னும் டீ போட்டிருக்கவில்லை.

சாயங்காலக் கூட்டத்துக்குப் பொன்மலர் போனாள். பார்வையாளர் பகுதியில் இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மாலகி முதல் வரிசையில் இருந்தார். ஷிவான் கடைசியில், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

தலைவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். மூன்று, மூன்று. பொன்மலரின் முறை வந்தது. அவள் எழுந்துகொண்டாள். எழ வேண்டிய அவசியம் இல்லை.

"ஆகஸ்டுல அந்தத் திடல் எவ்வளவு அழகா இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள். "மத்த மாசங்கள்ல இந்தப் பிள்ளைங்க தூங்கற இடம் எப்படி இருக்கும்னும் தெரியும். நான் அங்க போய் உட்கார்ந்திருக்கேன். கட்டலாம்."

நாற்காலிகள் ஒரே நேரத்தில் இழுபட்டன.

"எங்கிருந்தோ வந்தவளுக்கு நம்ம திருவிழாவைப் பத்தி என்ன தெரியும்?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். சத்தமாகவே சொன்னான்.

மாலகி மெதுவாகத் திரும்பினார். முகம் சிவந்திருந்தது.

"யாருடா அது? வாயை மூடு. அவளைத் திட்ட வேண்டியவன் நான். நீ நடுவுல வந்து கெடுக்காதே."

பொன்மலர் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தாள் நழுவிக் கீழே விழுந்தது. டெர்வ்லா அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல விளக்கை நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் காலையில் பொன்மலர் கறிக்கடைக்குப் போனாள். கார்மக் கறியை எடை போட்டு, நன்றாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

"வேற ஏதாவது வேணுமா, மேடம்?"

"கோபம்னா திட்டிடுங்க, கார்மக்."

"நான் ஏன் மேடம் உங்களைத் திட்டணும்? உங்க ஓட்டு, உங்க இஷ்டம்." அவர் சுத்தமாக இருந்த பலகையை மறுபடியும் துடைத்தார்.

பொன்மலர் வெளியே வந்து சிறிது நேரம் அங்கேயே நின்றாள். பிறகு துறைமுகத்துப் பக்கம் நடந்தாள். மாலகியின் வண்டியைத் தாண்டாமல் வேறு வழியாகவும் போகலாம். அவள் போகவில்லை.

"பொன்மலர்!"

அவள் நின்றாள். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அதுவரை கேட்டதில்லை.

"என்ன காரியம் பண்ணிட்டுப் போற நீ? டச்சஸ் இனிமே எங்க ஓடும்? சொல்லு! உன் வீட்டு ஹால்லயா? சோபாவை எடுத்து வெளிய போடு, ஆகஸ்டுல கூட்டிக்கிட்டு வர்றேன். உன் கார்ப்பெட்ல சாணி போடட்டும், அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்!"

மீன் வாங்க நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமினார்.

பொன்மலருக்குக் காது சூடானது. தூத்துக்குடி மார்க்கெட்டில் அம்மாவின் பின்னால் நின்று கேட்ட வாய்கள் எல்லாம் எங்கிருந்தோ எழுந்து வந்தன.

"ஓடுமா? உன் கழுதை ஓடி யார் பார்த்தது? ஒவ்வொரு வருஷமும் நானும் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். வாக்கிங் போற மாதிரி வருது. என் ஹால் அதுக்குத் தாராளம்!"

நாய் கண்ணைத் திறந்து பார்த்தது.

மாலகி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். பிறகு வண்டியின் பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். தோள் குலுங்கியது. சிரிப்பு இருமலாக மாறி, அவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வாக்கிங்!" என்றார் பக்கத்தில் நின்றவரிடம். "கேட்டியா? டச்சஸ் வாக்கிங் போகுதாம்."

ஒரு மீனைக் காகிதத்தில் சுருட்டி அவள் பக்கம் நீட்டினார்.

"இந்தா. எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை. உனக்கு நான் ஓட்டுப் போடப் போறதில்லை."

"போடாதே" என்றாள் பொன்மலர்.

டெர்வ்லாவின் வீட்டில் யாரும் இல்லை. பொன்மலர் படியில் உட்கார்ந்தாள். டெர்வ்லா வந்தபோது தலைமுடி முழுதும் நனைந்திருந்தது. தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அவள் முகம் அவ்வளவு மலர்ந்து இருந்ததில்லை.

"எங்க போயிட்டீங்க, டீச்சர்?"

"மிஸஸ் ட்வோமி வீட்டுக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வந்தேன். உள்ள விடலை. ஜன்னலைத் திறந்து திட்டினாங்க. நல்லா, வயிறு நிறைய." அவள் கோட்டை உதறினாள். "ஜன்னலைச் சாத்தறப்ப, 'போய்ச் சேரு, கொடிக்கம்பம்'னாங்க."

இருவரும் உள்ளே போனார்கள். பொன்மலர் மீனை மேசைமேல் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். கார்மக்கைப் பற்றிச் சொன்னபோது டெர்வ்லா தலையை மட்டும் அசைத்தாள். மாலகி விஷயம் வந்ததும் கெட்டிலை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அவரே டச்சஸ் பேரை எடுத்தாரா?"

"அவரேதான்."

"நாலு பேர் முன்னாடியா?"

"தெருவே கேட்டுது."

டெர்வ்லா மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்மலர் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"எல்லாருக்கும் பிடிச்ச ஒருத்தர் இந்த நாட்டுல உண்டா இல்லையா? இன்னும் நீங்க பதில் சொல்லலையே."

"இத்தனை வருஷமா அவர் என்னை நாயை வெச்சுத்தான் திட்டறார்" என்றாள் டெர்வ்லா. "கழுதைவரைக்கும் என்னை அவர் விட்டதே இல்லை."