வாத்தியார் பார்க்கப் போன டால்பின்

குமரகுரு சாமிக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தெய்வசிகாமணி அறுபதைத் தாண்டியவர். போகிற ஊரிலெல்லாம் ஜனங்கள் தாடி நரைத்த சீடரின் காலில் விழுந்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் குருவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள். குரு கொண்டுவந்து கொடுப்பார். சீடருக்குத்தான் உயிர் போகும்.

தெய்வசிகாமணி திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு குமரகுரு சாமியின் மடத்தில் வந்து சேர்ந்தார். குரு அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருஷம் டாக்டர் அவருக்குக் கண்ணில் அழுத்தம் கூடிவிட்டது என்றார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருமாம். சொட்டு மருந்து விட்டால் தள்ளிப்போடலாமாம், போனது போனதுதானாம். வாத்தியார் பயந்துபோனார். வாழ்நாள் முழுக்கக் கண்ணை வைத்துப் பிழைத்த மனுஷன் பயப்படாமல் என்ன செய்வார்?

நேரே குருவிடம் போனார். "கண்ணு போயிட்டா அப்புறம் எதை சாமி பாப்பேன்?"

குரு, இருக்கிற கண்ணால் எதைப் பார்க்க ஆசை என்று திருப்பிக் கேட்டார்.

வாத்தியார் கைலாசத்தையோ தாஜ்மகாலையோ சொல்லவில்லை. கங்கையில் டால்பின் இருக்கிறதாம், அழிந்துகொண்டு வருகிறதாம், அதைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு காலத்தில் அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறார். அந்த நீள மூக்கை எப்படி வரைந்தாலும் பிள்ளைகள் கொக்கு என்று சிரித்தார்களாம். நிஜத்தில் எப்படித்தான் இருக்கும் என்பது அவர் மனசில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

"அதுவும் போய்க்கிட்டிருக்கு, உங்க கண்ணும் போய்க்கிட்டிருக்கு. சீக்கிரமா கிளம்பிடலாம்," என்றார் குரு.

ரயில் மாறி ரயில் ஏறி, பீகாரில் கஹல்காவ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே கங்கை ஏரி மாதிரி அகன்று கிடந்தது. படகுக்காரர் ராம்தனி வழக்கம்போல வாத்தியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

குருவுக்குக் காசியில் இருந்த காலத்து இந்தி கைவசம் இருந்தது. ராம்தனி சொன்னதைத் தமிழில் சொன்னார். இங்கே அதற்குப் பெயர் சூன்ஸ். மேலே வந்து மூச்சு விடும்போது கேட்கிற சத்தம்தான் பெயர். சத்தம் கேட்டுத் திரும்பினால் உள்ளே போயிருக்கும். கண்ணும் அதற்கு அனேகமாகத் தெரியாது, இந்தக் கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு?

கடைசியில் சொன்னது வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. "நல்ல ஜோடி," என்று முணுமுணுத்துவிட்டுப் படகின் முனையில் போய் உட்கார்ந்தார்.

இடது பக்கம் சத்தம் கேட்டது. ஓரப் பார்வை இல்லாததால் அவர் உடம்போடு திரும்பினார். தண்ணீரில் வட்டம் மட்டும் இருந்தது. வலது பக்கம் கேட்டது. அங்கேயும் வட்டம்தான். பக்கத்துப் படகில் வந்த குடும்பம் அதோ அதோ என்று கை காட்டியது. அந்தக் கையைத் தேடிப் பிடித்து, அது காட்டுகிற திசையைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

குரு பொரி தின்றுகொண்டிருந்தார். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஆற்றைப் பார்க்கக்கூட இல்லையே என்று வாத்தியாருக்கு எரிச்சலாக வந்தது.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. சாயங்காலம் ரயில். கரைக்குத் திரும்பலாமா என்று ராம்தனி கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். பெரியவர் தன்னைப் போய்க் கும்பிடுகிறாரே என்று பதறி, ராம்தனி துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். படகு சும்மா நின்றது.

அப்போது வாத்தியாருக்கு நேர் எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தண்ணீர் பிளந்தது. சூன்ஸ் என்று ஒரு மூச்சு. மீன் கவிச்சியோடு வெதுவெதுப்பாக அவர் முகத்தில் வந்து மோதியது. தாடியெல்லாம் தண்ணீர்.

வாத்தியாரின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்க் குவிந்தன. கண்கள் இறுக மூடிக்கொண்டன.

திறந்தபோது வட்டம் மட்டும் விரிந்துகொண்டிருந்தது.

இவர் மகானேதான் என்று ராம்தனி முடிவு செய்து தானும் கும்பிட்டார். வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அவ்வளவு தூரம் வந்து, அவ்வளவு நேரம் காத்திருந்து, கிட்டே வந்ததைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று அவருக்குத் தாங்கவில்லை.

"கண்ணை மூடிட்டேன் சாமி."

"ஏன்?"

"பழக்கம். கோயில்ல திரையை விலக்கிக் கற்பூரம் காட்டினா, கை தானா மேல போயிடும், கண்ணு தானா மூடிக்கும். அதே மாதிரி ஆயிடுச்சு. நான் பாக்கல சாமி. இனிமே எங்க பாக்கப்போறேன்?"

குரு பொரிப் பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"கோயில்ல எவ்வளவு காலமா இப்படிக் கண்ணை மூடறீங்க?"

"நினைவு தெரிஞ்ச நாளா."

"வீட்டுக்கு வந்ததும், சாமி நல்லாப் பாத்தீங்களான்னு கேப்பாங்களே. என்ன சொல்லுவீங்க?"

"நல்லாப் பாத்தேன்னுதான் சாமி," என்றார் வாத்தியார். தாடியில் இருந்த தண்ணீரை அவர் துடைக்கவில்லை.