காலையில் வந்த முட்டை

“மாஸ்டர், இந்த முட்டை என் உயிரை வாங்குது!”

எத்திராஜ் கத்தினார். ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. கையில் மிஞ்சியது எலி கடித்த மாதிரி இருந்தது.

ஐம்பத்தெட்டு வயசில் எங்கள் பிரியாணிக் கடைக்குத் தொழில் கற்க வந்த மனுஷன். கற்றுக்கொடுக்கிற நசீமா மாஸ்டருக்கு முப்பத்திரண்டு. நான் வெங்காயம் நறுக்குகிறவள்.

தினமும் காலை டீயோடு எத்திராஜ் ஒரே கதையைத்தான் ஆரம்பிப்பார். “பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?” கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் சசிரேகா, இரண்டு வருஷம் கழித்து இன்றைக்கு வந்திருக்கிறாள். கைக்குழந்தையோடு கடை வாசலில் நிற்கிறாள்.

“இனிமே என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிட்டு வந்துடறேன் மாஸ்டர்.”

“சொல்லுங்க. ஒரு முட்டையை முழுசா உரிச்சு வச்சிட்டுப் போங்க.”

உரித்தார். பிய்ந்தது.

இன்னொன்று. அதுவும்.

“எந்த அட்டையிலேர்ந்து எடுத்தீங்க?”

“மேல இருந்தது. காலையில பண்ணையிலேர்ந்து வந்ததாச்சே, நல்லா இருக்கும்னு...”

“யா அல்லா! புதுசு உரியாதுன்னு உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது?” மாஸ்டருக்கும் கோபம் வந்துவிட்டது. “பத்து நாள் கிடந்ததை எடுங்க. கீழ் அட்டை!”

எடுத்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டார். பன்னிரண்டு நிமிஷம் வாசல் பக்கம் திரும்பாமல் நின்றார்.

வெளியே குழந்தை அழுதது. வெயில் வேறு.

முட்டையைப் பச்சைத் தண்ணீரில் போட்டு, ஆறியதும் அகலமான பக்கத்தைத் தட்டினார். ஓடு இரண்டே துண்டாகக் கழன்று வந்தது. ஒரு கீறல் இல்லை.

“உரிச்சாச்சு. போறேன்.”

“எத்திராஜண்ணே, உங்க கோபம் எத்தனை நாள் பழசு?”

“நாளா? ரெண்டு வருஷம் ஆச்சு!”

“பத்து நாள்ல முட்டையே உரியுது. இது மட்டும் ஏன் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு?”

எத்திராஜ் முட்டையைக் கையில் உருட்டினார். மாஸ்டர் விடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியைப் பலகையில் ஓங்கி வைத்தேன்.

“இவர்தான் தினம் காலையில டீயோட புதுசு போடுறாரே மாஸ்டர், எப்படி உரியும்?”

எத்திராஜ் என்னை முறைத்தார். அடித்தேவிடுவார் என்று நினைத்தேன். மாஸ்டர் சிரிக்கவில்லை.

குழந்தை மறுபடியும் அழுதது.

கையிலிருந்த முட்டையை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். சசிரேகா பயந்துபோய் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

“அழ விட்டுக்கிட்டு நிக்கிறியே, அறிவிருக்கா?” என்று அதட்டினார். முட்டையை இரண்டாகப் பிட்டார்.

“பல்லு முளைச்சிருச்சா இவளுக்கு?”