வரிசை முடியட்டும் என்றார் புற்றுடையார்

எறும்புக்கும் கரையானுக்கும் வாய்ப்பேச்சு இருந்த அந்தக் காலத்தில், நாடு கரையான்களுடையதாக இருந்தது. மண்மூடிக்குள் ஒளிந்து ஒளிந்து போகிற இன்றைய கரையானைப் பார்த்தவர்களுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்குக் கரையான் கன்னங்கரேலென்று இருக்கும். உச்சி வெயிலில், நடுப்பாதையில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கும். சிந்திய தானியம், கருப்பட்டித் துணுக்கு, உதிர்ந்த இலந்தைப்பழம் எல்லாம் அதற்குத்தான். எறும்புகளோ வெளுத்துப்போய், கண் மங்கி, மண்ணுக்குள் கிடந்தன. செத்த மரக்கட்டையைத் தின்றன. கரையான்கள் குடியிருந்த புற்றுகளைக்கூட எறும்புகள்தான் எச்சில் குழைத்துக் கட்டிக் கொடுத்தன.

எறும்பு எங்கே போனாலும் தலைக்கு மேல் மண்கூரை கட்டிக்கொண்டுதான் போக வேண்டும். மரத்தில் ஏற வேண்டுமா, மண்கூரை. பக்கத்துக் கட்டைக்குப் போக வேண்டுமா, அதற்கும் மண்கூரை. ஏனென்றால் கரையான் நாட்டில் ஒரு சட்டம் இருந்தது. எறும்பைக் கண்ணால் பார்த்துவிட்டால் கரையானுக்குத் தீட்டு. பார்த்தவன் உடனே வெளிச்சம் படாத அறைக்குள் போய், பொழுது சாயும்வரை கிடக்க வேண்டும். பொழுது சாய்ந்து வெளியே வரும்போது மறுபடியும் ஒரு எறும்பு கண்ணில் பட்டால், மறுபடியும் உள்ளே. தொட்டுவிட்டாலோ நாற்பது நாள். இந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் மகா புத்திசாலிகள் என்று கரையான்கள் பெருமை பேசிக்கொண்டன. பேசட்டும், யார் தடுத்தார்கள்.

கரிசல்காட்டில் ஓர் உடைமரத்தடியில் ஆள் உயரப் புற்று ஒன்று இருந்தது. அதை ஆண்டவருக்குப் புற்றுடையார் என்று பெயர். அந்தப் புற்றின் அடி ஆழத்தில், இருட்டு அறைகளில், எறும்புக்குடி இருந்தது. அங்கே முட்டைகளைக் காத்து வந்தவள் வெயிலுகந்தாள். வெயிலையே பார்க்கக் கூடாத குடியில் இப்படி ஒரு பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. வைத்தவளுக்கு நெஞ்சழுத்தம் இருந்திருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஐப்பசியில் எட்டு நாள் அடைமழை. ஒன்பதாம் நாள் மழை விட்டது, ஆனால் அடியறையில் ஈரம் விடவில்லை. முட்டைகளின் மேல் பூசணம் படர்ந்தது. வெயிலுகந்தாளும் அவள் அக்கா சடைச்சியும் ஒவ்வொரு முட்டையாக எடுத்து நக்கித் துடைத்தார்கள். துடைத்து வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி படர்ந்திருக்கும்.

"இன்னிக்குப் பதினொண்ணு போச்சு. இப்படியே போனா அடுத்த அமாவாசைக்குள்ள நம்ம குடியில பிள்ளைன்னு ஒண்ணு இருக்காது" என்றாள் சடைச்சி.

"மேல கூரை சுடுதுக்கா. தொட்டுப் பாரு. ஒரே ஒரு மத்தியானம் காயப் போட்டா அத்தனையும் பிழைச்சுக்கும்."

"அது நம்ம வெயில் இல்லையே தாயி."

"வெயிலை யாரு பெத்துப் போட்டது, அவங்களா?"

சடைச்சி அவள் வாயைப் பொத்தினாள். அவள் பயந்த சுபாவம். மேலே கரையான் நடக்கிற ஓசை கேட்டாலே காலை ஒடுக்கிக்கொள்வாள்.

முறையீடு சொல்ல மண்கூரையில் ஒரு துளை விட்டிருந்தார்கள். எறும்பு கீழே நின்று பேச வேண்டும், கரையான் மேலே முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்பார். வெயிலுகந்தாள் அந்தத் துளைக்குக் கீழே போய் நின்றாள்.

"சாமி, எங்க முட்டையெல்லாம் பூசணம் பூத்துச் சாகுது. நாளைக்கு ஒரு மத்தியானம் மட்டும் வெளிய கொண்டாந்து காய வச்சுக்கிறோம். சாமிமார் அந்த நேரம் இந்தப் பக்கம் வராம இருந்தாப் போதும்."

புற்றுடையார் வாயில் கருப்பட்டியை அதக்கிக்கொண்டிருந்தார். அதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"உங்க முட்டைக்காக நான் என் பாதையை விட்டு ஒதுங்கணுமாக்கும்?"

"ஒரு மத்தியானந்தான் சாமி."

"ஈரத்துல கெடந்து பொழைக்கிறது பொழைக்கட்டும். அழுகிப்போறது போகட்டும். புற்று கட்டுறதுக்கு எத்தனை பேர் வேணுமோ அத்தனை பேர் எப்படியும் மிஞ்சுவீங்க."

சுற்றி நின்ற கரையான்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு துளை வழியாகக் கீழே வந்தது. வெயிலுகந்தாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை நாள் கட்டிய கூரையும் புற்றும் அவள் எச்சில். அந்த எச்சில் மட்டும் தீட்டில்லை, அவள் பிள்ளை காய்கிற வெயில்தான் தீட்டு.

"அப்போ நாளைக்கு உச்சிப்பொழுதுல நாங்க வெளிய வாரோம்" என்றாள். இந்த முறை சாமி என்று சொல்லவில்லை. "முன்னாலயே சொல்லிட்டேன். அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது."

மேலே சிரிப்பு நின்றது. "இவ வழியை அடைங்க" என்று புற்றுடையார் திருப்பிய முகத்தைத் திருப்பாமலே கீழே கேட்கும்படி கத்தினார்.

தப்புச் செய்த எறும்பின் வழியை மற்ற எறும்புகளே மண் வைத்து அடைத்து, அதை உள்ளேயே சாக விட வேண்டும். அதுதான் அங்கே தண்டனை. எறும்புகள் ஆளுக்கொரு மண் உருண்டையை வாயில் கவ்விக்கொண்டு வந்து அவளைச் சுற்றி நின்றன. யாரும் முதலில் வைக்கவில்லை. கூட்டத்திலிருந்து சடைச்சி முன்னால் வந்து, தன் வாயிலிருந்த மண்ணைத் தரையில் துப்பினாள்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றாள். "அதுக்காக அடைக்க மாட்டேன்."

அடுத்தடுத்து எல்லா எறும்புகளும் துப்பின. மேலே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த கரையான்களுக்கு மண் விழும் சத்தம் கேட்டது. வழியை அடைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் போய்விட்டார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வெயிலுகந்தாள் கூரையை உடைத்தாள்.

வெளிச்சம் மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல் கண்ணை எரித்தது. எதிரே எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவள் ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு வெளியே கால் வைத்தாள். அவள் பின்னங்காலைத் தொட்டபடி சடைச்சி. சடைச்சி காலைத் தொட்டபடி அடுத்தவள். இப்படிக் கண் தெரியாதவர்கள் ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்கொரு முட்டையோடு, கரையான்களின் நடுப்பாதையில் நடந்தார்கள்.

முதலில் பார்த்தது ஒரு கிழட்டுக் கரையான். "ஐயோ, பார்த்துட்டேன்" என்று அலறிக்கொண்டு இருட்டறை தேடி ஓடியது. அலறல் கேட்டு எட்டிப் பார்த்தவர்களும் ஓடினார்கள். புற்றுக்குள் இருந்த இரண்டொரு இருட்டறை உடனே நிரம்பியது, மீதி இருந்தவை எறும்புகள் காலி செய்துவிட்டு வந்த அடியறைகள்தான். அதற்குள்ளேயே போய் விழுந்தார்கள்.

குறடு போன்ற பல் உள்ள காவல்கரையான்களைக் கூட்டிக்கொண்டு தலையாரி வந்தான். "கடிங்கடா" என்றான். காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடித்தால் தொட்டதாகிவிடும். கடைசியில் ஒருவன் மட்டும் பாய்ந்து சடைச்சியைக் கடித்தான். அவள் இரண்டு துண்டாக விழுந்தாள்.

வெயிலுகந்தாளுக்குத் தன் காலைத் தொட்டுக்கொண்டிருந்த அக்கா விட்டுப்போனது தெரிந்தது. உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது. அவள் நின்றால் வரிசை நிற்கும், வரிசை நின்றால் எல்லாரும் சாவார்கள். நடந்துகொண்டே அழுதாள். மூன்றாவதாக வந்தவள் சடைச்சியின் முட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இடைவெளியை மூடினாள். அவளுக்குப் பின்னால் வந்தவள் தன் முட்டையை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு சடைச்சியின் உடம்பைத் தூக்கிக்கொண்டாள்.

கடித்தவன் தன் பல்லில் ஒட்டியிருந்ததைத் தரையில் தேய்த்தான். "நாப்பது நாளா" என்று முனகிக்கொண்டே இருட்டுக்குள் ஓடினான்.

"அடுத்தவன் யாரு?" என்றான் தலையாரி. யாரும் நகரவில்லை. அத்தனை பேரும் பார்த்தாகிவிட்டது, அத்தனை பேருக்கும் தீட்டு. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள், தலையாரியும் போனான். என்ன சத்தம் என்று தலையை நீட்டிய புற்றுடையாரும் பார்த்துவிட்டார்.

"பொழுது சாயுற வரைக்குந்தானே. வரிசை முடியட்டும், அப்புறம் இருக்கு இவளுகளுக்கு" என்று சொல்லிக்கொண்டே அவரும் இறங்கினார்.

முட்டைகள் காய்ந்தன. மஞ்சள் வெயிலில் இரண்டு முட்டைகள் அசையக்கூடச் செய்தன. சடைச்சியை உடைமரத்தின் வேரடியில் புதைத்தார்கள்.

"வந்த வேலை முடிஞ்சுது. உள்ள போயிருவமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போனா வரிசை முடிஞ்சிரும். முடிஞ்சா அவங்க வெளிய வருவாங்க, நம்ம மறுபடி கூரை கட்டணும்" என்றாள் வெயிலுகந்தாள். "எங்க அக்கா அதுக்காகச் சாகலை. நடங்க."

வரிசை புற்றைச் சுற்றி வந்தது. முறை வைத்துத் தூங்கினார்கள், முறை வைத்துத் தின்றார்கள். பகலிலும் இரவிலும் புற்று வாசலுக்கு எதிரே எறும்பு நடக்காத நேரமே இல்லை. கரையான் எப்போது எட்டிப் பார்த்தாலும் ஒரு எறும்பு கண்ணில் பட்டது.

ஏழாம் நாள் அந்த முறையீட்டுத் துளையிலிருந்து குரல் வந்தது. இப்போது கீழே நின்று பேசியவர் புற்றுடையார்.

"ஏ வெயிலு. உனக்கும் உன் முட்டைகளுக்கும் மட்டும் வெயில் தாரேன். நீ மகாராணி மாதிரி நடக்கலாம். மத்தவங்களை உள்ள அனுப்பு."

"எனக்கு மட்டும் வேணாம்."

"அப்போ எங்களை இப்படியே இருட்டுல அடைச்சு வைக்கப் போறியா?"

வெயிலுகந்தாள் துளைக்கு நேராகக் குனிந்தாள். "உங்களை யாரு அடைச்சா? வாசல் தொறந்துதான் கெடக்கு. நாங்க ஒரு மண்ணும் வைக்கலை. வாங்க, வந்து எங்களைப் பாருங்க. பார்த்தா கண்ணு ஒண்ணும் அவிஞ்சு போகாது. இந்தப் பாதை ரெண்டு பேருக்கும் போதும்."

உள்ளே நெடுநேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு புற்றுடையாரின் குரல் கேட்டது.

"அது நடக்காது. வரிசை முடியட்டும், அப்புறம் வாரோம்."

"அப்போ இருங்க" என்று சொல்லிவிட்டு அவள் நடக்கப் போனாள்.

அவர்கள் இருந்தார்கள். பசித்தது, கட்டையைத் தின்னப் பழகினார்கள். அடுத்த மரத்துக்குப் போக வேண்டியிருந்தது, எறும்பு கண்ணில் படாமலிருக்கத் தாங்களே எச்சில் குழைத்து மண்கூரை கட்டப் பழகினார்கள். முதல் கூரை இரண்டு முறை இடிந்து புற்றுடையார் தலையிலேயே விழுந்தது. நாளாக நாளாக அவர்களின் கறுப்பு வெளிறியது, கண் மங்கியது. வெளியே எறும்புகள் வெயிலில் கறுத்து மினுமினுத்தன.

அன்று தொடங்கியதுதான் சுவரிலும் மரத்திலும் கரையான் மண்மூடி கட்டி அதற்குள்ளேயே போவது. எறும்பு வரிசை முடியட்டும் என்று கரையான் இன்னமும் உள்ளே காத்திருக்கிறது. எறும்புகளும் அன்று முதல் வரிசையை விடவே இல்லை. வேண்டுமானால் நடுவில் விரலை வைத்து அழித்துப் பாருங்கள். கொஞ்சம் தடுமாறும், தலையை முட்டி ஒன்றையொன்று விசாரிக்கும், செத்தது இருந்தால் தூக்கிக்கொள்ளும், பிறகு சேர்ந்து நடக்கும்.