மூலை ஸ்டூல்

பொன்மலைப் பக்கம் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற மாசிலாமணி யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லாத ஆள். ஏலத்தில் எதிராளி மூச்சு விடுவதற்குள் விலையை ஏற்றிவிட்டு, அதற்கும் சேர்த்து அவனைத் திட்டுகிற ரகம். அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேதமுத்து மாஸ்டரின் பாக்ஸிங் ஷெட்டுக்குள் நுழைந்தான்.

மாஸ்டர் கோணி ஊசியால் பஞ்சிங் பேக்கின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"செருப்பை வெளியில விடு. கடிக்காது."

மாசிலாமணி விட்டுவிட்டு வந்தான்.

"மாஸ்டர், ஒரே ஒரு வார்த்தை வேணும். சேகரை யார் கையில கொடுக்கிறது?"

சேகர் என்கிற இன்பசேகர் அவன் பின்னாலேயே குனிந்து வந்தான். குனியாவிட்டால் ஷெட்டின் வாசல் நெற்றியில் இடிக்கும். வயது இருபது. ஆறடி மூன்று அங்குலம், தொண்ணூற்றெட்டு கிலோ. மாசிலாமணி கடையில் தகரம், பித்தளை தரம் பிரிக்கிற பவுனம்மாளின் ஒரே மகன். ஹெவிவெயிட்டில் ஏழு பந்தயம் ஆடியிருந்தான். ஏழும் முதல் ரவுண்டிலேயே முடிந்துபோயின. இனி தொழில்முறைப் பந்தயம். நாலு மாதத்தில் மும்பையில், ஒரு வெளிநாட்டுக்காரனோடு. செலவெல்லாம் மாசிலாமணி பொறுப்பு. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பதும் அவன் பொறுப்பு.

பவுனம்மாள் ஒரு வார்த்தைதான் சொல்லியிருந்தாள். "நான் அனுப்புற மாதிரியே திருப்பி அனுப்பிடுங்க மொதலாளி." மூன்று நாளாக அந்த வார்த்தை மாசிலாமணியின் தொண்டையில் முள்ளாக நின்றது.

"யார் யார் இருக்காங்க?" என்றார் மாஸ்டர்.

"இதோ, ராஜ்மோகன் சார். பூனாவிலிருந்து வந்திருக்கார். ரெண்டு சாம்பியனை உருவாக்கினவர்."

வெள்ளை டீ-ஷர்ட் போட்ட ஒருவர் முன்னால் வந்து மரியாதையாகக் கும்பிட்டார்.

"இன்னொண்ணு?"

மாசிலாமணி ஷெட்டின் மூலையைப் பார்த்துக் கையை வீசினான். அங்கே அமலோர்பவம் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஆடியவள். இரண்டு வருஷமாகச் சேகரின் குத்துகளைத் தினமும் கையில் மாட்டிய பேடில் வாங்குகிறவள் அவள்தான். இடது தோளில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

"அமலிதான். ஆனா மாஸ்டர், நீங்களே பாருங்க. அவன் இடுப்புக்கு வர்றா. மும்பையில இவ அவன் பக்கத்துல நின்னா, பார்க்கிறவன் கூடையில சாப்பாடு கொண்டுவந்த பொம்பளைன்னு நினைப்பான்."

"சாப்பாடும் நான்தான் கொண்டுபோறேன் அண்ணே," என்றாள் அமலி, குழாயை மூடிக்கொண்டே. "ரெண்டு வருஷமா."

சேகர் சிரிப்பை அடக்கினான். மாசிலாமணிக்குச் சுள்ளென்று வந்தது. மாஸ்டர் இருந்ததால் விழுங்கிக்கொண்டான்.

"இரும்புன்னா காந்தம் வச்சுப் பார்ப்பேன் மாஸ்டர். ஆளை எதை வச்சுப் பார்க்கிறது?"

"நீ எதை வச்சுப் பார்த்தே?"

"பேச்சை வச்சுத்தான். நேத்து சார் ஒன்றரை மணி நேரம் பேசினார். சேகரோட வலது கையில என்ன கோளாறு, எதிராளியோட கால்ல என்ன கோளாறு, எல்லாம் புட்டுப் புட்டு வச்சார். அமலி ரெண்டு வருஷத்துல என்கிட்ட பத்து வார்த்தை பேசியிருப்பாளா? அதுலயும் எட்டு, பேட் கிழிஞ்சு போச்சுங்கிறது."

"சார் பேச்சை எங்க உட்கார்ந்து கேட்டே?"

"ஓட்டல்ல. ஏசி ரூம்ல."

"சாப்பிட்டியா?"

"பிரியாணி."

மாஸ்டர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "சேகர் எங்க உட்கார்ந்து கேட்பான்?"

மாசிலாமணி ரிங்கின் மூலையில் கவிழ்த்துப் போட்டிருந்த மர ஸ்டூலைப் பார்த்தான். ரவுண்டு இடைவேளையில் ஆடுகிறவன் உட்காருகிற ஸ்டூல்.

"நீயும் அங்க உட்கார்ந்து கேளு," என்றார் மாஸ்டர். "மூணு ரவுண்டு பேக்கை அடி. முதல் இடைவேளையில சார் பேசட்டும். ரெண்டாவதுல அமலி."

"நானா? எனக்கு அம்பத்திரண்டு வயசு மாஸ்டர்! சேகரை உட்கார வைங்க. ஆடப்போறவன் அவன்தானே?"

"அவனுக்கு ஸ்டூல் தெரியாது. ஏழு தடவையும் ஸ்டூல் வர்றதுக்குள்ள முடிச்சுட்டான். உங்க ரெண்டு பேர்ல அதுல உட்கார்ந்தவன் நீ ஒருத்தன்தான்."

இந்த வார்த்தைக்கு மேல் மாசிலாமணியால் மறுக்க முடியவில்லை. அது அவனுடைய பெருமை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் அவனும் மாஸ்டரின் சீடன். இதே ஊர் மைதானத்தில் மாநில இறுதிப் பந்தயம். இரண்டு ரவுண்டு அடி வாங்கிவிட்டு ஸ்டூலில் வந்து உட்கார்ந்தான். மாஸ்டர் குனிந்து, "முடியுமா?" என்று கேட்டார். அவன் தலையாட்டினான். மூன்றாவது ரவுண்டில் விழுந்தவனை ஆஸ்பத்திரியில்தான் எழுப்பினார்கள். இடது காது அன்றோடு போயிற்று. பாக்ஸிங்கும் போயிற்று. ஆனால் அந்தத் தலையாட்டல் போகவில்லை. கடன் கேட்கப் போன இடத்தில், ஏலத்தில், மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் முன்னால் என்று எங்கே போனாலும் தொடையில் தட்டிக்கொண்டு சொல்வான்: "மாஸ்டரே கேட்டார்யா, முடியுமான்னு! முடியும்னு தலையாட்டினவன் நான்! அந்தத் தலையாட்டல்லதான் இந்தக் கடையே எழும்பி நிக்குது!"

அந்தக் கதை ஆரம்பித்தால் மாஸ்டர் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். தற்பெருமை அவருக்கு ஆகாது என்று மாசிலாமணி நினைத்திருந்தான்.

சட்டையைக் கழற்றினான். அமலி கயிறு கட்டுகிற பழைய கிளவுஸை மாட்டி முடிச்சுப் போட்டாள். பேக்கைப் பின்னாலிருந்து சேகர் தாங்கிப் பிடித்தான். மணிக்குப் பதிலாக உத்தரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை மாஸ்டர் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார்.

முதல் நிமிஷம் மாசிலாமணி இருபது வயதுக்காரன் போல அடித்தான். இரண்டாவது நிமிஷத்தில் ஒரு குத்து பேக்கைத் தாண்டிப் போயிற்று.

"மொதலாளி, பேக்கு இந்தப் பக்கம். அது நான்," என்றான் சேகர்.

மூன்றாவது நிமிஷத்தில் மாசிலாமணிக்குத் தன் மூச்சைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை.

தண்டவாளம் ஒலித்தது. ஸ்டூலில் விழுந்தான். ராஜ்மோகன் எதிரே குந்தி உட்கார்ந்து பேசினார். தெளிவாக, நிதானமாக, விரல்விட்டு எண்ணிப் பேசினார். உதடுகள் அசைவது மாசிலாமணிக்குத் தெரிந்தது. கடைசியில் அவர் அவன் முழங்காலைத் தொட்டு ஏதோ கேட்டார். மாசிலாமணி தலையாட்டினான்.

தண்டவாளம் ஒலித்தது. எழுந்து போனான்.

இரண்டாவது ரவுண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கை தாழ்ந்தது. கால் தனியாக எங்கோ நின்றது. மாஸ்டர் ஸ்பேனரை ஓங்கியதும் அவன் ஸ்டூலை நோக்கி வந்தான். வந்து ஸ்டூலுக்கு ஒரு முழம் தள்ளி உட்காரப் போனான். அமலி அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்து ஸ்டூலில் வைத்தாள்.

அவள் பேசவில்லை. தாடையை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்திக் கண்ணைப் பார்த்தாள். ஈரத்துணியைப் பின்கழுத்தில் வைத்தாள். பிறகு அவன் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கயிறு தளர்வது மணிக்கட்டில் தெரிந்தபோதுதான் மாசிலாமணிக்கு விஷயம் புரிந்தது. அதற்குள் இடது கிளவுஸ் தரையில் கிடந்தது.

"ஏய்! யாரைக் கேட்டு அவுத்தே?"

"யாரையும் கேக்கல அண்ணே."

"இன்னொரு ரவுண்டு எனக்கு இருக்கு! நான் முடியாதுன்னு சொன்னேனா? வாயைத் திறந்து சொன்னேனா? மாஸ்டர், பாத்தீங்களா! இவளை மும்பைக்கு அனுப்பினா ஜெயிக்கிற பந்தயத்தையும் மூட்டை கட்டி எடுத்துட்டு வருவா! முப்பது வருஷத்துக்கு முன்னால என் மூலையில இவ நின்னிருந்தா, இன்னைக்கு மாசிலாமணின்னு ஒருத்தனே கிடையாது!"

எழுந்து நிற்கப் பார்த்தான். கால் வரவில்லை. வலது கிளவுஸைப் பல்லால் கடித்து இழுத்தான். அதுவும் வரவில்லை.

"உதடு வெளுத்துப் போச்சு," என்றாள் அமலி. "ஸ்டூல் இருக்கிற இடமும் தெரியல உங்களுக்கு."

"அதைக் கேட்டுட்டுச் செய்யணும்! கேட்கிறதுதான் மரியாதை. சார் கேட்டாரே!"

"சார் என்ன கேட்டார்?" என்றார் மாஸ்டர்.

"ம்?"

"கேட்டார்னியே. என்ன கேட்டார்?"

மாசிலாமணி யோசித்தான். "கால்... காலை என்னமோ சொன்னார்."

"அது சொன்னது. கடைசியா ஒண்ணு கேட்டார். நீ தலையாட்டினே."

"ஆட்டினேன். முடியுமான்னு கேட்டார். முடியும்னு ஆட்டினேன்."

ராஜ்மோகன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்ல சார். போதும், நிறுத்திடலாமான்னு கேட்டேன். தலையாட்டினீங்க. ஆனா மணி அடிச்சதும் எழுந்து போய்ட்டீங்க. சரி, தெம்பா இருக்கீங்க போலன்னு நான் விட்டுட்டேன்."

மாசிலாமணி அவரையே பார்த்தான். பிறகு அமலியை. பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையில் மாட்டியிருந்த கிளவுஸைப் பார்த்தான்.

மாஸ்டர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நேராக வராமல் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் வந்தார். கேட்கிற காதின் பக்கம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் குனிந்த அதே உயரத்துக்கு.

"மணி, அன்னைக்கு நான் உன்னைக் கேட்டேன்ல?"

"கேட்டீங்க மாஸ்டர். முடியுமான்னு கேட்டீங்க." மாசிலாமணியின் குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்கு எனக்கு நல்லாக் கேட்டுச்சு. முடியும்னு தலையாட்டினேன்."

"எத்தனை தடவை ஆட்டினே?"

"ஒரு தடவை."

மாஸ்டர் அவன் காதுக்கு இன்னும் கொஞ்சம் நெருங்கினார்.

"நான் ஸ்டூலை எடுத்த பிறகும் உன் தலை ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சுடா."

வெளியே சந்தையில் யாரோ வெங்காய விலையைக் கூவிக்கொண்டு போனார்கள். சேகர் பேக்கைக் கட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

மாசிலாமணி கயிறு அவிழாத வலது கையை அமலியின் பக்கம் நீட்டினான்.