ரெண்டு அண்டாவுக்கு நடுவே

"மாசானம் போட்ட கோட்டில் அப்படி என்னம்மா இருக்கு, என்னோடதில் இல்லாதது?"

ஆவுடையப்பன் கேட்டுவிட்டு நின்றார். தலை நரைத்த மனுசன். குரு தில்லைநாயகிக்கோ அவர் மகள் வயசு.

கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்லிக்கொடுக்கிறவள் அவள். பாடம் கேட்க வந்து, அவள் மடத்திலேயே தங்கிவிட்டவர்கள் ஆவுடையப்பனும் மாசானமும்.

மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் தரை முழுக்கச் சதுரக் கல். அடுக்களையிலிருந்து பந்திக்குச் சோறும் ரசமும் சுமக்க, தானே ஓடும் வண்டி ஒன்று உண்டு. எந்தக் கல்லில் சாமான் இருக்கிறது என்று கூரையில் மாட்டிய கேமரா அதற்குச் சொல்லிவிடும். வண்டி கிளம்புமுன் மனசுக்குள் ஒரு நேர்கோடு போடும். கோடு எந்தெந்தக் கல் மேல் போகிறதோ, அதெல்லாம் காலியா என்று பார்க்கும். காலி என்றால் ஓடும்.

அந்தக் கணக்கை ரெண்டு பேருமே எழுதினார்கள்.

மாசானத்தின் கோடு வரிசைக்கு ஒரு கல்லைத்தான் எடுக்கும். எது கோட்டுக்குக் கிட்டமோ அது. சட்டென்று முடிந்துவிடும்.

ஆவுடையப்பனின் கோடு ஓரத்தை உரசினாலும், மூலையைத் தொட்டாலும் அந்தக் கல்லையும் சேர்த்துக்கொள்ளும். வண்டி கொஞ்சம் யோசித்துத்தான் நகரும்.

வண்டிக்குள் ஏறியது மாசானத்தின் கோடு.

"உங்களோடதும் நல்ல கோடுதான்," என்றாள் தில்லைநாயகி.

"பின்னே ஏன் அவனோடது?"

"அவர் வந்தப்போ அவர் கோட்டைக் காட்டினார். நீங்க வந்து உங்க கோட்டைக் காட்டலை, அவர் கோட்டையே காட்டுதீங்க."

ஆவுடையப்பனுக்குப் புரியவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

மாசானம் தினமும் வண்டிக்குப் பக்கத்திலேயே, கன்னுக்குட்டியைக் கூட்டிப்போகிற மாதிரி ஒரு கையை அதன்மேல் வைத்து, வெறுங்காலோடு நடந்து வருவார். "மாசானம் வண்டி வந்திட்டுடோய்!" என்று பந்தியில் குரல் எழும்.

"என்னவே, மாப்பிள்ளை அழைப்பா?" என்பார் ஆவுடையப்பன்.

"ஆமாவே. சம்பந்தி நீருதான். இலையில ஒழுங்கா உக்காரும்!"

பந்தியே சிரிக்கும். ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்காது.

மாசானத்தின் கோட்டில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தக் கோட்டையே நினைத்துக் கிடந்த ஆவுடையப்பன் கண்ணில்தானே அது படும்? மூலையோடு மூலை மட்டும் தொடும் ரெண்டு கல்லில் சாமான் நின்றால் அந்தக் கோடு ரெண்டையும் விட்டுவிட்டு நடுவே நழுவிப் போய்விடும். கோடு நழுவும். வண்டி நழுவுமா?

கூடத்துத் தூண்கள் தள்ளித் தள்ளி நின்றதால் இது வெளியே தெரியாமல் இருந்தது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் திருத்திக்கொள்வான். அப்புறமும் மாசானம் வண்டிதான்.

குருபூசை அன்று கூடம் நிறைந்த கூட்டம். ஆவுடையப்பன் தண்ணீர் அண்டா ரெண்டை இழுத்துவந்து, வண்டி வரும் வழியில், அதே மாதிரி மூலை தொடும் ரெண்டு கல்லில் வைத்தார். ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. பந்திக்குத் தண்ணீர் வேண்டாமா?

வண்டி வந்தது, கொதிக்கிற ரசத்தோடு.

தயங்கக்கூட இல்லை. நேரே போய் அண்டாவில் இடித்தது. ரசப் பாத்திரம் சரிந்தது.

ஆவுடையப்பன் எல்லாம் யோசித்திருந்தார். அண்டா, வண்டி, சபை நடுவே ஒரு தலைகுனிவு. பக்கத்துக் கல்லில் நடந்துவந்த வெறுங்கால் அவர் கணக்கில் வரவில்லை.

சாயங்காலம் மாசானம் கட்டிலில் கிடந்தார். காலில் வாழைக்குருத்து சுற்றியிருந்தது. தில்லைநாயகி விசிறிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் நிலைப்படியைத் தாண்டவில்லை.

"உள்ளே வாரும்வே," என்றார் மாசானம். "அம்மா, குறை என் கோட்டிலதான். இவர் கோடா இருந்தா வண்டி கிளம்பியே இருக்காது. இனிமே இவரோடதையே போட்டுருங்க."

"போட்டாச்சு," என்றாள் அவள்.

ஆவுடையப்பன் கேட்டது கிடைத்துவிட்டது.

மாசானம் பல்லைக் கடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஆனா ஒண்ணுவே. அண்டா எப்படி நின்னா என் கோடு ஏமாறும்னு எனக்கு இன்னும் பிடிபடலை. விழுந்ததில எல்லாம் உருண்டு போச்சா, எங்க நின்னுச்சுன்னே தெரியலை. யாரையாவது கேக்கணும்."

தில்லைநாயகி விசிறியைக் கீழே வைத்தாள். சாக்குக்கட்டி ஒன்றை எடுத்து ஆவுடையப்பனிடம் நீட்டினாள்.

"வரைஞ்சு காட்டுங்க," என்றாள்.