மூன்று மண் ராஜாக்கள்

மருதநாட்டு ராஜாவுக்கு ஒரு பயம். அடைமழை வந்தால் புது ஏரிக்கரை தாங்குமா, உடைத்துக்கொண்டு ஊரையே மூழ்கடிக்குமா? ஏரி, வாய்க்கால், ஊர் மூன்றையும் மண்ணால் சின்னதாகச் செய்து, தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். மூன்று ஸ்தபதிகள் ஆளுக்கொன்று செய்து வந்தார்கள். ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. தண்ணீர் ஊற்ற வந்த குருவம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிப்பா வருது? சாயங்காலத்துக்குள்ள நீயே பொருத்த வழி சொல்லு. இல்லேன்னா ஊரை விட்டே துரத்திடுவேன்!" என்று பாய்ந்தார் தலைமை ஸ்தபதி ஏகாம்பரம். "ஆனா என் அளவை மட்டும் கேட்காதே. அது எங்க பரம்பரை ரகசியம்."

"ரகசியம் உங்ககிட்டயே இருக்கட்டும் சாமி. கரைமேல நம்ம மகாராஜா நிக்கிற மாதிரி, உங்க அளவுல ஒரு பொம்மை மட்டும் செஞ்சு குடுங்க."

மற்ற இருவரிடமும் அதையே கேட்டாள். சாயங்காலம் மூன்று பொம்மைகளையும் அரியணை முன் வைத்தாள். ஒரு ராஜா கட்டைவிரல் உயரம். ஒருவர் மொச்சைக்கொட்டை உயரம். ஏகாம்பரத்தின் ராஜா மிளகு அளவுதான் இருந்தார்.

"இதுல நான் யாரு?" என்று கர்ஜித்தார் ராஜா.

"அதை இவங்க மூணு பேரும் கூடிப் பேசி முடிவு பண்ணிட்டா, எல்லாம் தானாப் பொருந்திடும் மகாராஜா."

ஏகாம்பரமும் மற்ற இருவரோடு உட்கார்ந்து பேசினார். மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவு, எவரும் பார்த்துச் செய்யும்படி கோட்டைச் சுவரில் வெட்டப்பட்டது. பத்தே நாளில் புது மாதிரிகள் வந்து கச்சிதமாகப் பொருந்தின. குருவம்மா குடத்தைக் கவிழ்த்தாள். ஏகாம்பரத்தின் கரை வடக்கு மூலையில் உடைந்து, வீடுகளெல்லாம் மூழ்கின.

"அப்பாடா!" என்று பெருமூச்சு விட்டார் ராஜா. "நல்லவேளை, பொம்மை ஊர்!"

மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.