பேருக்கேற்ற வேலை

முன்னொரு காலத்தில் வெண்ணாட்டை ஒரு ராசா ஆண்டான். பட்டப்பெயர் பகைவென்ற பெருமாள். பகைவன் என்று ஒருவனையும் அவன் நேரில் பார்த்ததில்லை. பட்டத்துக்கு அது தேவைப்படவுமில்லை.

அவனுடைய மந்திரியின் பெயர் குப்பன். அந்தப் பதவிமேல் கண் வைத்திருந்தவர் அவைப்புலவர் மதிவாணர். ஒருநாள் சபையில் மெல்லப் பேச்செடுத்தார்.

"அரசே, ஓர் அதிசயம் கவனித்தீர்களா? நம் பொற்கொல்லன் பெயர் பொன்னையன். படைத்தலைவன் வீரபாகு. நெசவாளி பட்டுசாமி. பெயரே வேலையைச் சொல்கிறது."

புதிதாக எது கிடைத்தாலும் ராசாவுக்குக் கொண்டாட்டம். "அட, ஆமாம். உம் பெயரில் மதி. மந்திரி பெயரில்..."

"குப்பை," என்றார் மதிவாணர். சபை சிரித்தது.

"இனி பெயர் எதுவோ, வேலையும் அதுவே. யாருக்கும் விலக்கில்லை, என் மீசைமேல் ஆணை," என்றான் ராசா. "மதிவாணர் மந்திரி. குப்பன் துடைப்பம் எடுக்கட்டும்."

குப்பனுக்கு நெஞ்சு எரிந்தது. பஞ்சத்திலும் வெள்ளத்திலும் யோசனை கேட்டவர்கள் அப்போது பெயரைக் கேட்கவில்லை. குப்பைமேட்டுக்குப் போனான். அங்கே கூட்டிக்கொண்டிருந்தவனிடம் பெயர் கேட்டான்.

"பூபதிங்க."

"பூமிக்கே அதிபதி. நீ அரண்மனைக்கல்லவா போக வேண்டும்?"

"போனேங்க. வாசல்லயே தொரத்திட்டாங்க. இந்தச் சட்டம் ஆளை எறக்கும், ஏத்தாதுங்க."

அப்படியானால் எதுவரை இறக்கும்? அதைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவல் குப்பனைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் துடைப்பத்தோடு ஒரு திருவோட்டையும் ஏந்திச் சபைக்கு வந்தான்.

"துடைப்பம் சரி. ஓடு எதற்கு?" என்றான் ராசா.

"எனக்கில்லை அரசே. பிச்சை என்று பெயருள்ள ஒருவர் இந்தச் சபையில் இருக்கிறார். சட்டப்படி இது அவருடையது."

"பிச்சையா? யாரய்யா அது, முன்னால் வா." ராசா ஒவ்வொரு முகமாக ஆராய்ந்தான்.

"அடையாளம் சொல்கிறேன். எனக்கு முன் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் என்னைக் குப்பையில் புரட்டியெடுத்து, மூக்குக் குத்தி, குப்பன் என்று பெயர் வைத்தாள் அம்மா. உதவாத சரக்கென்று எமன் விட்டுப் போகட்டுமென்று. அந்தப் பெயரில் வேலை ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது. இவருக்கும் அண்ணன்மார் தங்கவில்லை. தெய்வத்திடம் பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை. என்னைப்போலவே மூக்கில் தூர்ந்த துளை இருக்கும். காதோடு காதாக ரகசியம் பேசும்போது பார்த்திருக்கிறேன்."

ராசாவின் கை தானாக மூக்குக்குப் போனது. சபை முழுதும் அதைப் பார்த்தது. புதுப் பதவி மிடுக்கில் கூட்டத்தைப் பார்த்து நின்ற மதிவாணர் மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தப் பிச்சைக்காரப் பயலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுங்கள்," என்றார்.

"மெல்லத் தள்ளச் சொல்லும், மதிவாணரே," என்றான் ராசா. "அது நான்தான்."

ராசா குப்பனைப் பார்த்தான். "சாகும்வரை அம்மா என்னைப் பிச்சை என்றுதான் கூப்பிட்டாள். பிறகு கூப்பிட ஆளில்லை. திருவோட்டை என்னிடம் தரப்போகிறாயா?"

"சட்டம் இருந்தால் தரத்தான் வேண்டும், அரசே."

"அப்படியானால் சட்டம் ஒழிந்தது. உன் இருக்கையில் போய் உட்கார். ஓடு புலவருக்கு. வாசல் வாசலாகப் போய்ச் சட்டம் ஒழிந்ததைச் சொல்லி, மன்னிப்பைப் பிச்சையாக வாங்கி வரட்டும்."

மதிவாணர் தெருத்தெருவாக ஓடேந்தி நின்றார். மனம் வந்தவர்கள் மன்னித்தார்கள். ஒருவரும் அவர் பெயரைக் கேட்கவில்லை.